ஊட்டாத கை

இந்தத் தொழிலைப் படிக்க வந்திருக்கும் உங்களில் பலருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, பார்த்திருக்கிறேன். குழாயில் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை முதல் வாய் சோற்றை விழுங்கியதும் கை தட்டி ஆர்ப்பரித்து, பக்கத்து அறையில் இருப்பவரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, அன்றைக்கே கோப்பில் 'வாய்வழி உணவு ஆரம்பம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடுவீர்கள். எழுதுங்கள், தப்பில்லை. நானும் அப்படி எழுதியவள்தான். கை தட்டும்போது அந்த அறையில் இன்னும் யார் இருக்கிறார்கள், அவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். ஏன் சொல்கிறேன் என்பதற்குத்தான் தினேஷின் கதை.

தொண்ணூறுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில், இரண்டே அறைகளில் ஒரு குழந்தைகள் பயிற்சி மையம் நடந்தது. அதில் நான் பேச்சுப் பயிற்சியாளர். பேச்சு என்பது பெயருக்குத்தான். பேசாத குழந்தை, எச்சில் ஒழுகும் குழந்தை, மெல்லாத குழந்தை, விழுங்காத குழந்தை என்று வாயோடு சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில்தான் விழும். வாலாஜாபாத்திலிருந்தும் முசரவாக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். தினேஷ் உள்ளூர். பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீடு.

அவனுக்கு அப்போது இரண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பிறக்கும்போதே உணவுக்குழாய் நடுவில் சேராமல் இருந்ததாம். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துச் சேர்த்தார்கள். சேர்த்த இடம் சுருங்கிக்கொண்டே வர, திரும்பத் திரும்பக் கூட்டிப்போய் விரிக்க வேண்டியிருந்தது. ஒருவழியாக 'பாதை சரியாகிவிட்டது, இனி வாயால் சாப்பிடலாம்' என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னால் போதுமா? அவன் ஒப்புக்கொள்ள வேண்டாமா? மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயோடும், அதைக் கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்திரியோடும்தான் வந்து சேர்ந்தான். ஸ்பூனைக் கண்டாலே உடம்பை வில்லாக வளைத்துக் கத்துவான்.

அவன் அம்மா பெயர் லோகு. முழுப் பெயர் லோகநாயகி. சின்னப் பெண். குழாயைக் கையாளுவதில் அவளுக்கு இருந்த நேர்த்தி நம்மில் பலருக்கு வராது. பாதி ராத்திரியில் பிள்ளை குழாயைப் பிடுங்கிவிட்டால் எங்கே ஓடுவது? அதனால் ஆஸ்பத்திரி நர்ஸ் அவளுக்கே போடக் கற்றுக்கொடுத்திருந்தார்.

"எங்க வூட்டுக்காரு அவன் தலைய புடிச்சிப்பாரு டீச்சர். நான் கண்ண மூடிக்கினு சாமி பேர சொல்லிக்கினே உள்ள வுட்டுடுவேன். கை நடுங்குனா ரெண்டு தபா போடணும் இல்ல? அதான் நடுங்க வுட மாட்டேன்" என்றாள்.

மூக்கின் உட்புறம் புண்ணாகிக்கொண்டு வந்தது. அடுத்த முறை வரும்போதும் வாயால் சாப்பிடவில்லை என்றால் வயிற்றில் துளை போட்டு அங்கே குழாய் வைத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். அதில் ஒன்றும் தப்பில்லை, பல குழந்தைகளுக்கு அது நல்லதும்கூட. ஆனால் ஏற்கெனவே கழுத்திலும் முதுகிலும் தையல் பார்த்த அந்த வீட்டுக்கு இன்னொரு கத்தி என்ற நினைப்பையே தாங்க முடியவில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் டீச்சர். எம் புள்ள ஒரு வாய் சோறு என் கையால துன்னணும். அவ்ளோதான்" என்றாள் லோகு.

இந்த வாக்கியத்தில் இரண்டு ஆசைகள் இருப்பதை அன்று நான் கவனிக்கவில்லை. வாயால் சாப்பிட வேண்டும் என்பது ஒன்று. அவள் கையால் சாப்பிட வேண்டும் என்பது இன்னொன்று. நான் முதலாவதை மட்டும் எழுதிக்கொண்டேன்.

மையத்தில் என் பாச்சா எதுவும் அவனிடம் பலிக்கவில்லை. பொம்மை, பாட்டு, தேன், எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, சரி, குழந்தையை அவன் இடத்தில் பார்ப்போம் என்று வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். முன்கூடம் முழுவதும் தறி. தினேஷின் அப்பா ஏழுமலை தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருப்பார். ஏழுமலையின் அக்கா தேவகி மூலையில் ராட்டையில் நூல் சுற்றுவாள். புருஷன் இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். வாய் ஓயாத பெண். பேச்சு நின்றால் பொரி மெல்லுவாள்.

அங்கேதான் முதல் ஆச்சரியம். ஸ்பூனைக் கண்டால் கத்தும் அந்தப் பையன், தேவகி பொரி மெல்லும்போது அவள் மடியில் ஏறி, அவள் வாய்க்குள்ளே என்ன நடக்கிறது என்று விரலை விட்டுப் பார்த்தான். அவளும் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து காட்டினாள். சாப்பாட்டைக் கண்டு பயப்படும் குழந்தை இப்படிச் செய்யாது. அப்படியானால் பயம் வேறு எதன் மேலோ. எதன் மேல் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

புரிந்தது தெருவில். ஒரு நாள் விடியற்காலையில் பாவு போடுகிறார்கள், வந்து பாருங்கள் என்று ஏழுமலை கூப்பிட்டிருந்தார். சேலையின் நீளவாட்டு இழைகளைத் தெரு நெடுகக் கட்டி நீட்டி, அரிசிக் கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி எடுப்பார்கள். தேவகி கஞ்சியைக் காய்ச்சித் துணியில் வடிகட்டிச் சட்டியில் கொண்டுவந்து வைத்தாள். வேறு ஏதாவது கலப்பீர்களா என்று கேட்டேன். "வெறும் அரிசிக் கஞ்சிதான் டீச்சர், நாமளே குடிக்கலாம்" என்று சிரித்தாள். இடுப்பில் தினேஷ். சட்டிப் பக்கம் அவள் குனிந்த நேரத்தில் அவன் கையை விட்டுக் கஞ்சியைத் தொட்டான். விரலைப் பார்த்தான். வாயில் வைத்தான்.

ஏழுமலைக்குத் தொழில் கவலை.

"இன்னா டீச்சர், கஞ்சி சட்டில கைய வுடறான், நீங்க பாத்துக்கினே நிக்கறீங்க?"

கையைக் காட்டி அவர் வாயை அடைத்தேன். தினேஷ் மறுபடி விரலைத் தோய்த்தான், மறுபடி நக்கினான். பிறந்ததிலிருந்து அவன் தானாக வாயில் வைத்த முதல் உணவு அதுதான். பாவு பிடித்துக்கொண்டிருந்த ஆட்களுக்குக்கூட விஷயம் புரிந்துவிட்டது. வெளியே திடீரென்று சத்தம் அடங்கியதைக் கேட்டு என்னவோ ஏதோ என்று லோகு வாசலுக்கு ஓடிவந்தாள். ஈரக் கையும் கண்ணாடி வளையல் சத்தமுமாக வந்து நின்றாள். பிள்ளை நக்குவதைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து, "கண்ணு, என் ராஜா" என்று அவன் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள்.

அவன் விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டான். உதட்டை இறுக மூடிக்கொண்டு தேவகியின் கழுத்தில் முகத்தைப் புதைத்தான்.

யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லோகு நீட்டிய கையை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நன்றாகக் கவனியுங்கள். அவனுக்கு அம்மாவைப் பிடிக்காமல் இல்லை. அவளைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவான். அவள் ஒரு நிமிடம் கண்ணில் படாவிட்டால் வீட்டையே இரண்டாக்குவான். அவனுக்குப் பிடிக்காதது தன் முகத்தை நோக்கி வரும் அவள் கை ஒன்றுதான். அந்தக் கை வந்தால் மூக்கு எரியும், தொண்டை குமட்டும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவுதான் கணக்கு. குழாய் போடும் நேரங்களில் தேவகி என்ன செய்வாள் தெரியுமா? பார்க்கச் சகிக்காமல் தெருவுக்கு ஓடிவிடுவாள். எல்லாம் முடிந்து பிள்ளை விக்கி விக்கி அழும்போது வந்து தூக்கிக்கொள்வாள். துணிந்து நின்று செய்தவளுக்குத் தண்டனை, ஓடிப்போனவளுக்குப் பரிசு. எனக்கு அன்று தேவகி மேல் வந்த கோபம் நியாயமே இல்லாதது. ஆனாலும் வந்தது.

லோகு லேசில் விடவில்லை. "என் கைய அவனுக்கு அடையாளம் தெரியாத மாதிரி பண்ணிட்டா?" என்று கேட்டாள். வளையல் சத்தம்தான் அவனை உஷார்ப்படுத்துகிறது என்பது அவள் நினைப்பு. அடுத்த முறை நான் போனபோது கண்ணாடி வளையல்களைக் கழற்றிவிட்டு, மணிக்கட்டில் மஞ்சள் பட்டு நூலை முறுக்கிக் கட்டியிருந்தாள். தேவகி பதறிப்போனாள்.

"இன்னாடி இது, கட்டுன புருசன் உசுரோட கீறான், வெறுங்கையோட நிக்கிறே? என் கைய பாத்தும் உனுக்கு பயமா இல்லியா?"

"நூல் கட்டிக்கினு கீறேன் இல்லக்கா? அது போதும்" என்றாள் லோகு.

வேறு சோப்புப் போட்டுக் கழுவினாள். தேவகியின் புடவையைக் கட்டிக்கொண்டாள். பின்னாலிருந்து ஊட்டிப் பார்த்தாள். கை அதேதான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் உதடு மூடிக்கொண்டது. அதன் பிறகு அரை நாளைக்குத் தேவகி நீட்டும் கஞ்சியையும் தொட மாட்டான். டாக்டரிடம் போகும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் நான்தான் சொன்னேன். தேவகி ஊட்டட்டும், அவன் வாயில் ஏதாவது இருக்கும் நேரத்தில் நீ அவன் பக்கம் திரும்பாமல் உட்காரம்மா என்று. ஏழுமலை தறியை நிறுத்திவிட்டார். "பெத்தவ ஊட்டக்கூடாதுன்னு எந்த படிப்புல டீச்சர் சொல்லிக் குடுக்கறாங்க?" என்று கேட்டார். லோகுதான் அவரை அடக்கினாள். "துன்னா போதும்பா. யார் கையா இருந்தா இன்னா?" என்று சொல்லிவிட்டு, தறிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பலன் கிடைத்தது. விரலில் இருந்த கஞ்சி ஸ்பூனுக்கு வந்தது. கஞ்சியோடு குழைத்த சாதம் வந்தது. தேவகி வளவளவென்று ஊர்க்கதை பேசிக்கொண்டே ஊட்டுவாள், அவன் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே விழுங்குவான். ஒவ்வொரு வாய்க்கும் நான் மெதுவாக, "உள்ள போச்சு" என்பேன். அது கோப்புக்காக அல்ல, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவளுக்காக. அவள் தலை மட்டும் அசையும்.

பிறகு வந்தது பெரிய அடி. பிள்ளை சாப்பிடத் தொடங்கிவிட்டான் என்றதும் ஏழுமலைக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு மாதத்தில் செய்ய வேண்டிய சோறூட்டு தள்ளிப்போய்க் கிடந்தது. தெருக்கோடிக் கோயிலில் நாள் பார்த்துவிட்டார். இப்போது வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். கேட்கவில்லை. சரி, தேவகி மட்டும் நாக்கில் ஒரு சொட்டு வைக்கட்டும், வேறு யாரும் வேண்டாம் என்றேன். தலையை ஆட்டினார். ஆட்டியது உண்மையாகத்தான். ஆனால் சோறூட்டு என்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, வந்திருக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வாய் வைக்க வேண்டும். மாமன் கையில் வாங்கிக்கொண்டு பெரியப்பா கையைத் தடுத்தால் அந்தப் பெரியப்பா ஆயுசுக்கும் பேச மாட்டார். யாரைத் தடுப்பது? அந்தக் கூட்டத்தில் ஏழுமலையால் வாய் திறக்க முடியவில்லை. அத்தனை பேரும் ஆசையாகத்தான் ஊட்டினார்கள். நெய் சொட்டும் சர்க்கரைப் பொங்கல். அதில் முந்திரி.

நான் கூட்டத்துக்குப் பின்னால் செருப்பை விட்டுக்கொண்டிருந்தேன். அழுகைச் சத்தம் கேட்டது, சட்டென்று நின்றது. அழுகிற குழந்தையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அழுகை நின்ற குழந்தையிடம் ஓடுங்கள் என்று உங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஓடினேன். முழங்கைகளுக்கு நடுவில் தெரிந்தது அவன் முகம், உதடு நீலம் பாய்ந்து. மாமன் தண்ணீர் கேட்டார், யாரோ உச்சந்தலையில் தட்டினார்கள், தேவகி அலறினாள். நான் போய்ச் சேர்வதற்குள் லோகு அவனைப் பிடுங்கி, மடியில் குப்புறப் போட்டு, முதுகில் நடுவில் ஓங்கி ஓங்கி அடித்தாள். அதுவும் அந்த நர்ஸ் சொல்லிக்கொடுத்ததுதான். முந்திரித் துண்டு வெளியே வந்து விழுந்தது. கூடவே வாந்தியும், பாதிக் குழாயும். மீதியை அவளே இழுத்து எடுத்தாள். கை நடுங்கவில்லை.

மூச்சு வந்ததும் அவன் கத்தினான். நிமிர்ந்து பார்த்தவனுக்குத் தெரிந்தது தன்னை அடித்த கை, அதில் தொங்கும் குழாய். திமிறிக்கொண்டு தேவகியிடம் இரண்டு கைகளையும் நீட்டினான். அவளும் வாரி எடுத்துக்கொண்டாள். கூட்டம் மொத்தமும் அவள் பின்னாலேயே போயிற்று. உயிரைக் காப்பாற்றியவள் குழாயைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. கஞ்சி கூட வேண்டாம் என்றான். மறுபடி குழாய் மட்டும்தான். தேவகிக்கு மனசாட்சி உறுத்தியது. ஒரு நாள் நான் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"டீச்சர், இனிமே குழாய நான் போடறேன். எனக்கு கத்துக் குடுங்க. நான் கெட்டவளா ஆயிட்டு போறேன். அவ கை கொஞ்சம் ஓயட்டும். என்னிக்காவது அவ கையால துன்னுவான் இல்ல?"

உங்களுக்குப் பாடப்புத்தகத்தில் இந்த இடம் வராது. தேவகி சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் தேவகியின் கையும் குழாய் போடும் கையாகிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு நம்பி வாய் திறக்க ஒரு கையும் மிஞ்சாது. லோகுவின் கை அதற்குள் ஆறிவிடும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. டாக்டரிடம் போகும் நாள் கூப்பிடு தூரத்தில். இதைச் சொல்ல வேண்டியவள் நான். சொன்னால் ஒருத்தி காலத்துக்கும் வலி கொடுப்பவளாகவே இருக்க வேண்டும்.

லோகு பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"வேணாங்க்கா. உங்க கைய கெடுத்துக்காதீங்க. ரெண்டு கையும் கெட்டுப்பூட்டா அவன் யார் கையால துன்னுவான்? என்து கெட்டது கெட்டதாவே இருக்கட்டும்."

பிறகு என்னைப் பார்த்தாள். "சர்தானே டீச்சர்?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே செய்வேன். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. துக்கம்தான் இருக்கிறது.

மறுபடி கஞ்சியிலிருந்து ஆரம்பித்தோம். கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, எடை ஏறியிருக்கிறது, கத்தி வேண்டாம், பார்க்கலாம் என்றார். அடுத்த மழைக்காலத்துக்குள் இட்லி, ரசம் சாதம், தேவகியின் பொரி, எல்லாம் உள்ளே போயிற்று. குழாயைக் கடைசியாக உருவியதும் லோகுதான். அன்று மையத்தில் எல்லோரும் கை தட்டினோம். ஏழுமலை எல்லோருக்கும் லட்டு வாங்கி வந்தார். நான் கோப்பில் எழுதினேன். லோகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே நான் ஊட்டலாமா டீச்சர்?" என்று கேட்டாள். கொஞ்ச நாள் போகட்டும்மா, குழாய் ஞாபகம் மறையட்டும் என்றேன். மறைந்துவிடும் என்று நம்பித்தான் சொன்னேன்.

இன்றைக்கு உங்களுக்கு எத்தனையோ வழிகள் இருக்கின்றன. குழாய் போடும் அம்மாவை அதே கையால் நாள் முழுவதும் பிள்ளையின் கன்னத்தை வருடச் சொல்லுங்கள், எண்ணெய் தேய்த்து விளையாடச் சொல்லுங்கள், அந்தக் கைக்கு வேறு வேலைகளும் உண்டு என்று முதல் மாதத்திலேயே குழந்தைக்குத் தெரியட்டும். முடிந்தால் குழாயை வேறு ஆள் போடட்டும். லோகு எங்களிடம் வந்தபோது அந்த மாதங்கள் தாண்டிப் போயிருந்தன.

ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து, அதே தெருவில் வேறொரு குழந்தையைப் பார்க்கப் போனவள் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். தினேஷ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டில் இருந்த இட்லியைத் தானே பிட்டுச் சாம்பாரில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சாம்பார். கன்னத்தில் பிளாஸ்திரித் தடம்கூட இல்லை. "பாருங்க டீச்சர், இப்போ யாரும் ஊட்ட வேணாம் அவனுக்கு, என்னையே கிட்ட சேக்கறதில்ல!" என்று தேவகி ராட்டையிலிருந்து பெருமையடித்தாள்.

லோகு அடுப்படியிலிருந்து இட்லித் தட்டோடு வந்தாள். மணிக்கட்டில் வளையல்கள் திரும்ப ஏறியிருந்தன. உன் கையால் வாங்கிச் சாப்பிட்டானா அம்மா என்று நான் கேட்கவில்லை. அவளே மெல்லிய குரலில் சொன்னாள்.

"பாத்துக்கினே இருந்தேன் டீச்சர். இன்னிக்கி மறப்பான், நாளைக்கி மறப்பான்னு. அதுக்குள்ள தானா துன்ன கத்துக்கினான். ஊட்டற வயசே பூடுச்சி."

நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பிள்ளையைப் பார்த்தேன்.

"மா, இன்னொண்ணு" என்று தட்டைத் தள்ளினான் தினேஷ்.

லோகு குனிந்து ஒரு இட்லியை வைத்தாள். அவன் உதட்டை மூடிக்கொண்டு காத்திருந்தான். அவள் கையை எடுத்து முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அவன் சாப்பிட ஆரம்பித்தான்.